கேட்ட பிறகு பேசக்கூடாது

டான்யூப் ஆற்றங்கரையில் உள்ள ரூசே நகரத்துப் பொம்மலாட்ட அரங்கில் ஒரு காலத்தில் நரிக்கும் கோழிக்கும் சூனியக்காரிக்கும் குரல் கொடுத்தவள் நெவேனா. அரங்கில் ஆட்குறைப்பு நடந்தபோது அவளையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாள் வீடு வீடாகப் போய் முகக் கிரீம் விற்றாள். பிறகு, வீட்டோடு படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்குச் செவிலியர்களை அனுப்பும் ஓர் அறநிறுவனம் நன்கொடை திரட்ட ஆள் எடுத்தபோது அதில் சேர்ந்தாள். கிரீம் விற்றபோது அறைந்து சாத்திய கதவுகள் இப்போது கொஞ்சம் மெதுவாகச் சாத்தப்பட்டன. அவளுக்கு வேலை பிடித்துப்போயிற்று. நிறுவனம் அவளைத் தலைநகருக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தது. சில வருடங்களில் அவளே பயிற்சி கொடுப்பவளாகிவிட்டாள். டான்யூப் கரை நெடுக எந்த ஊரில் புதிதாக ஆள் எடுத்தாலும், பழைய ஆட்கள் சோர்ந்துபோய்விட்டாலும், நெவேனாவைத்தான் கூப்பிட்டார்கள்.

ரூசேயில் வகுப்பு, ஊர்ப் படிப்பகத்தின் மாடி அறையில் நடக்கும். ஜன்னலுக்குக் கீழே இருக்கும் வெந்நீர்க் குழாய் அவ்வப்போது யாரோ தட்டுவது போலச் சத்தம் போடும். முதல் நாள் காலை எல்லோருக்கும் பனீட்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரமும் காப்பியும் கொடுத்துவிட்டு, நெவேனா அறைக்கதவையே வீட்டுக் கதவாக வைத்துத் தொடங்குவாள்.

"தட்டிட்டு ஒரு எட்டு பின்னால வந்துருங்க. இல்லாட்டி உள்ள நுழையப் போறீங்கன்னு நினைப்பாங்க. பேரைச் சொல்லுங்க, யாருக்காக வந்திருக்கீங்கன்னு சொல்லுங்க. நோயாளி எத்தனை பேருன்னு கணக்குச் சொல்லாதீங்க, ஒருத்தரைப் பத்திச் சொல்லுங்க. அப்புறம் கேளுங்க. கேட்டாச்சா? வாயை மூடுங்க. அதுக்கப்புறம் வர்ற அமைதி உங்களோடது இல்ல, வீட்டுக்காரங்களோடது. அதுல நீங்க கால வைக்காதீங்க."

இந்த இடத்தில்தான் புதியவர்கள் எல்லோரும் தோற்பார்கள். அமைதி தாங்காமல் ஏதாவது உளறுவார்கள், சிரிப்பார்கள், இருமுவார்கள். நெவேனா அவர்களை எதிரெதிரே நிற்க வைத்துப் பழக்குவாள்.

இன்னொரு விதியும் அவளிடம் இருந்தது. நம் ஊரில் இறந்தவர் படத்தோடு அஞ்சலித் தாளைக் கதவில் ஒட்டுவோம் அல்லவா? நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆண்டு நிறைவுக்கு ஒன்று என்று புதிது புதிதாக ஒட்டிக்கொண்டே இருப்போம். பழுத்துப்போன தாள் இருந்தால் பரவாயில்லை. மை காயாத தாள் இருந்தால் அந்தக் கதவைத் தட்டக்கூடாது. துக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்பது திருட்டுக்குச் சமம் என்பாள்.

அவளுடைய சொந்தக் கதவில் எந்தத் தாளும் இல்லை. புருஷன் கிராசிமிர் ஸ்பெயினுக்குக் கட்டட வேலைக்குப் போனவன். முதல் குளிர்காலம் வரை தொலைபேசியில் பேசினான். பிறகு பேச்சு நின்றுபோயிற்று. அங்கே வேறொருத்தியோடு இருக்கிறான் என்று ஊர் சொன்னது. நெவேனாவும் அதையே சொன்னாள். "அவனுக்கு அங்க வேற குடும்பம் இருக்கு" என்று, கடையில் ரொட்டி தீர்ந்துவிட்டது என்பது போல அவள் சொல்லும்போது கேட்பவர்களுக்குத்தான் சங்கடமாக இருக்கும். அப்படிச் சொல்லிச் சொல்லி அவளுக்கே அது உறுதியாகிவிட்டிருந்தது.

அந்த வருடம் இலையுதிர் காலத்து வகுப்பில்தான் லூபென் வந்து சேர்ந்தான். வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளனாக இருந்தவன், கடை மூடிவிட்டதால் வேலை தேடி வந்திருந்தான். வாய் ஓயாமல் பேசுகிற ஆள். வெயில் பற்றி, பஸ் பற்றி, பக்கத்து நாற்காலிக்காரரின் கோட்டு பற்றி. வகுப்பில் இருந்த பெப்பா என்ற வாயாடிப் பெண்ணே அலுத்துப்போய், "அண்ணே, உங்ககிட்ட நன்கொடை வேணாம், கொஞ்சம் மூச்சு விடுங்க போதும்" என்றாள்.

இவனுக்கு அமைதியைக் கற்றுக்கொடுப்பதற்குள் என் உயிர் போய்விடும் என்று நெவேனா நினைத்தாள்.

பயிற்சியில் பெப்பா வீட்டுக்காரியாக நின்றாள். லூபென் கதவைத் தட்டி, பெயர் சொல்லி, கேட்டான். கேட்டுவிட்டு வாயை மூடினான். மூடியவன் அப்படியே நின்றான். கொஞ்சம் கழித்து அவன் கண் பெப்பாவின் முகத்தை விட்டு நகர்ந்து அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்றது. தெரிந்தவர் யாரையோ வழியில் பார்த்தால் தலை தாழ்த்துவோமே, அப்படி லேசாகத் தாழ்த்தினான்.

பெப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவரும் கரும்பலகையும்தான்.

"என்ன அண்ணே அது? எனக்குப் பின்னால யாரோ நிக்கிற மாதிரி இருந்துச்சு."

"மன்னிச்சுக்கங்க" என்று லூபென் உடனே பழையபடி பேசத் தொடங்கினான். வெந்நீர்க் குழாய் பற்றி ஏதோ சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். பெப்பா மட்டும் அன்று முழுவதும் சுவரை ஒட்டிய நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தெருவில் இறங்கியதும் லூபென் எல்லோரையும் மிஞ்சிவிட்டான். அவன் தட்டிய கதவுகளில் பாதிக்கு மேல் மாதா மாதம் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். அப்படி ஒன்றை நெவேனா கண்டதில்லை. நிறுவனத்தை நடத்திய கலினாவுக்கு வாயெல்லாம் பல்.

"அவன் என்ன செய்யிறான்னு போய்ப் பாரு நெவேனா. பாத்து அதை ஒரு பாடமா எழுதிக் குடு. எல்லாருக்கும் சொல்லிக்குடுத்துருவோம்."

"எனக்கு என்னமோ சரியாப் படல. வயசானவங்களை மிரட்டுறானோ என்னமோ."

"மிரட்டினா புகார் வந்திருக்கும்ல? வந்த ஒரே போனு என்ன தெரியுமா? ஒரு கிழவர் கூப்பிட்டு, அந்த ஆள் மறுபடி எப்ப வருவார்னு கேட்டார். பணமெல்லாம் தரேன், அவர் வந்து வாசல்ல கொஞ்ச நேரம் நின்னாப் போதும்னார்."

கலினா சிரித்தாள். நெவேனாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை அவள் லூபெனோடு சரோதெய்கா குடியிருப்புக்குப் போனாள். ஆற்றிலிருந்து ஏறி வந்த மூடுபனி அடுக்குமாடிகளின் கால்களை மறைத்திருந்தது. மேல்தளங்கள் மட்டும் எதன்மேலும் நிற்காமல் தெரிந்தன. நுழைவாயில் கண்ணாடி முழுக்க அஞ்சலித் தாள்கள். லிஃப்ட் ஓடவில்லை. படியேறும்போது லூபென் வழக்கம்போலப் பேசிக்கொண்டே வந்தான். கதவு நெருங்க நெருங்க அவன் பேச்சு குறைந்தது.

முதல் கதவில் தாள் வெளுத்துப்போயிருந்தது. அதில் இருந்த பெண்ணின் முகம் அடையாளம் தெரியவில்லை. பனியன் போட்ட ஒரு கிழவர் திறந்தார். லூபென் கற்றுக்கொடுத்தபடியே ஒவ்வொன்றாகச் செய்தான். ஓர் எட்டுப் பின்வாங்கினான், பெயர் சொன்னான், ஒரு நோயாளியைப் பற்றிச் சொன்னான், கேட்டான். நெவேனாவுக்குத் திருத்த ஒன்றும் இல்லை. பிறகு அமைதி.

லூபெனின் கண் கிழவரின் இடது தோளுக்குப் பின்னால் போயிற்று. தலையைத் தாழ்த்தினான்.

கிழவர் திரும்பவில்லை. அதுதான் நெவேனாவை என்னவோ செய்தது. எவனாக இருந்தாலும் திரும்பிப் பார்த்திருப்பான். இவரோ அசைந்தால் கலைந்துவிடும் என்பது போலக் கழுத்தை விறைத்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவும் இல்லை. கடைசியில் தலையை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டினார். நம் ஊரில் அதற்குச் சம்மதம் என்று பொருள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தும்போது, ஆள் ஒருவர் உள்ளே போக வழி விடுவது போல ஒருக்களித்து நின்று, கொஞ்சம் பொறுத்துச் சாத்தினார்.

"யாரை அப்படிப் பாத்தீங்க?" என்று நெவேனா கேட்டாள்.

"அடுத்த மாடிக்குப் போவோமா மேடம்?" என்றான் லூபென்.

அடுத்த மாடியில் ஒரு கதவில் தாள் புத்தம் புதிதாக இருந்தது. பசையின் ஈரம் ஓரத்தில் தெரிந்தது. படத்தில் முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். நெவேனா அடுத்த கதவைக் காட்டினாள். லூபென் கவனிக்கவில்லை. அவள் அவன் மணிக்கட்டைப் பிடிப்பதற்குள் தட்டிவிட்டான்.

கறுப்பு உடையில் ஓர் இளம்பெண் திறந்தாள். பல நாள் தூங்காத முகம். லூபென் இந்த முறை பெயரும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. அவன் பார்வை நேராகக் கீழே போயிற்று. அவள் பாவாடைக்குப் பின்னால், கதவுக் கைப்பிடி உயரத்தில் போய் நின்றது. அவன் முகம் இளகியது. சின்னக் குழந்தைகளைப் பார்த்துச் சிரிப்பது போலச் சிரித்தான்.

அந்தப் பெண்ணின் கை தானாகவே பின்பக்கம் போனது. விரல்கள் விரிந்து, குவிந்து, ஒரு தலைமேல் வைத்தது போல நின்றன. அவள் மூச்சு விடுவது நெவேனாவுக்குக் கேட்டது.

"மன்னிச்சுக்கங்கம்மா, தெரியாமத் தட்டிட்டோம்" என்று நெவேனா லூபெனின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"போகச் சொல்லாதீங்க" என்றாள் அந்தப் பெண். குரல் மிகவும் மரியாதையாக இருந்தது. "அவர் இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும். அவர் இங்க இருந்தாத்தான் என் கைக்குத் தெரியுது."

நெவேனா அவனை இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். மேலே கதவு சாத்தும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அவர்கள் தரைத்தளத்துக்கு வந்த பிறகும் அது கேட்கவில்லை.

வாசலில் நிறுத்திக் கேட்டாள். "இது என்ன வித்தை? எங்க கத்துக்கிட்டீங்க?"

லூபென் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "வித்தை இல்ல மேடம். சின்ன வயசுலேருந்து இருக்கு. நான் பேசாம இருந்தா அவங்க வந்து நிக்கிறாங்க. கடையில கண்ணாடி மாட்டிப் பாக்க வர்றவங்களுக்குப் பின்னாலயும் நிப்பாங்க. அதனாலதான் வாய் ஓயாமப் பேசிக்கிட்டே இருந்தேன். பேசிக்கிட்டே இருந்தா ஒருத்தரும் வர மாட்டாங்க."

"அப்புறம் ஏன் இந்த வேலைக்கு வந்தீங்க?"

"வேற வேலை கிடைக்கல. வந்தப்புறம் நீங்கதானே சொன்னீங்க, கேட்டுட்டு வாயை மூடுன்னு."

அவன் சொன்னதை நெவேனா நம்பவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் கை விரிந்து குவிந்ததைப் பார்த்திருந்தாள்.

கலினாவிடம் போய், லூபெனைத் தெருவுக்கு அனுப்பக்கூடாது என்றாள். காரணம் சொல்லத் தடுமாறினாள். "அவங்க நமக்குக் குடுக்கல கலினா. நோயாளிங்களுக்காகவும் குடுக்கல. துக்கத்துல இருக்கிறவங்களை உலுக்கிட்டு வாங்குறோம். நம்ம விதிக்கே அது விரோதம்."

"அழுதா என்ன? மனசு இளகினாத்தான் கை நீளும். நீ சொல்லிக்குடுக்கிறதும் அதுதானே? பொறாமைப்படாத நெவேனா. கடைசி நாள் வகுப்புல அவனைச் செஞ்சு காட்டச் சொல்லு. நானும் வரேன்."

கடைசி நாள் வகுப்புக்குக் கலினா வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். வீட்டுக்காரராக நிற்க யார் வருகிறீர்கள் என்று நெவேனா கேட்டபோது ஒருவரும் எழவில்லை. பெப்பா சுவரோடு சாய்ந்துகொண்டு, "நெவேனாக்கா, எனக்கு முழங்கால் வலி" என்றாள். வேறு வழியில்லாமல் நெவேனாவே கதவருகே போய் நின்றாள். கூச்சமாகத்தான் இருந்தது. எத்தனை முறை இந்த விளையாட்டை விளையாடியிருக்கிறாள். பின்னால் வருவதற்கு எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அம்மாவும் அப்பாவும் பிறந்த கிராமத்து மண்ணில் நிம்மதியாகத் தூங்குகிறவர்கள்.

லூபென் தட்டினான். பெயர் சொன்னான். கேட்டான். வாயை மூடினான்.

மாடி அறையில் யாரும் அசையவில்லை. வெந்நீர்க் குழாய்கூடச் சத்தம் போடவில்லை. நெவேனா அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவள் முகத்தில் இருந்து வலப்பக்கமாக நகர்ந்தது. அவளைவிட ஒரு தலை உயரமான இடத்தில் போய் நின்றது. அவள் பிடரியில் குளிர்ந்த காற்று பட்டது. சுண்ணாம்புப் பொடி வாசனை வந்தது. ஈரச் சுவருக்குப் பக்கத்தில் நின்றால் வருமே, அந்த வாசனை. திரும்ப வேண்டும் என்று நினைத்தாள். கழுத்து திரும்பவில்லை. அந்தக் கிழவர் ஏன் திரும்பவில்லை என்பது அப்போது அவளுக்குப் புரிந்தது.

லூபென்தான் முதலில் கலைந்தான். "மேடம், இந்தப் பயிற்சியை நிறுத்திக்கலாமா?" என்றான். உடனே மழை வரும் போலிருக்கிறது என்றும், ஜன்னலைச் சாத்தட்டுமா என்றும் படபடவென்று பேசத் தொடங்கினான். வாசனை போய்விட்டது.

எல்லோரும் கலைந்த பிறகு படிப்பகத்துத் தாழ்வாரத்தில் நெவேனா அவனை மறித்தாள்.

"யாரு?"

"வேணாம் மேடம்."

"யாருன்னு கேக்குறேன்."

லூபென் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "உயரமான ஆளு. தலையெல்லாம் வெள்ளையா பொடி. வலது கையால இடது முழங்கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. வலிக்கிற மாதிரி."

கிராசிமிருக்கு ராணுவத்தில் இருந்தபோது இடது முழங்கை ஒடிந்தது. சரியாகச் சேரவில்லை. குளிர் நாட்களில் அதைப் பிடித்துக்கொண்டேதான் நிற்பான். அந்த வகுப்பில் இருந்தவர் எவரும் அவனை முன்பின் பார்த்ததில்லை.

"அவன் உயிரோட இருக்கான்" என்றாள் நெவேனா. "ஸ்பெயின்ல. அவனுக்கு அங்க வேற குடும்பம் இருக்கு."

"சரி மேடம்" என்றான் லூபென்.

அந்தச் 'சரி'யை அவளால் பொறுக்க முடியவில்லை. கையில் இருந்த சாக்கட்டிப் பெட்டியை அவன் மேல் எறிந்தாள். அவன் குனிந்து, சிதறிய சாக்கட்டிகளைப் பொறுக்கி, பெட்டியில் போட்டு, ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனான். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. கலினா ஆள் அனுப்பிக் கெஞ்சியும் வரவில்லை. சந்தையில் மிளகாயும் தக்காளியும் விற்கிற ஒருவரிடம் சேர்ந்து, காலையிலிருந்து மாலை வரை கூவிக் கூவி விற்கிறான் என்று பெப்பா வந்து சொன்னாள். குரல் கட்டிப்போனாலும் நிறுத்துவதில்லையாம்.

நெவேனா முதலில் கோபமாக இருந்தாள். பிறகு தூக்கம் போயிற்று. வீட்டில் ரேடியோவை அணைக்கவே பயந்தாள். சமைக்கும்போதும் துவைக்கும்போதும் தனக்குத்தானே பேசிக்கொண்டாள், நரிக் குரலில், கோழிக் குரலில். கடைசியில் ஒரு நாள் காலை, எப்போதோ செய்திருக்க வேண்டியதைச் செய்தாள். கிராசிமிரோடு போன ஆட்களைத் தேடத் தொடங்கினாள். முதலில் பேசியவர்கள் மழுப்பினார்கள். ஒருவன் மட்டும், செவ்லியெவோ ஊர்க்காரன், தொலைபேசியில் அவள் பெயரைச் சொன்னதுமே அழுதுவிட்டான்.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க. அவருக்கு அங்க வேலை செய்யக் காகிதம் இல்ல. என் பேரைத்தான் குடுத்திருந்தேன். சாரம் சரிஞ்சு விழுந்துட்டாரு. என் பேர்லயே அடக்கம் பண்ணிட்டாங்க. சொன்னா என்னை உள்ள தள்ளிருவாங்கன்னு பயந்து ஓடி வந்துட்டேன்."

"எப்ப?"

"அந்த முதல் குளிர்காலத்துலயே அக்கா."

நெவேனா தொலைபேசியை வைத்தாள். வேற குடும்பம் இருக்கு, வேற குடும்பம் இருக்கு என்று இத்தனை வருடம் தான் சொல்லிக்கொண்டிருந்ததை அவன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான் என்ற நினைப்புதான் அவளை உடைத்தது. அவன் செத்ததுகூட அப்புறம்தான் உறைத்தது.

தூதரகத்துக்கு எழுதிக் கல்லறையில் இருந்த பெயரை மாற்றப் பல மாதங்கள் பிடித்தன. அதற்கிடையே வகுப்புகளை விடாமல் நடத்தினாள். பழைய பாடத்தையே சொன்னாள், ஓர் இடத்தைத் தவிர. கேட்டுவிட்டு வாயை மூடுங்கள் என்று சொல்வதில்லை. "கேட்டுட்டு அவங்க கையைப் பாருங்க. கையை மட்டும் பாருங்க. அவங்க யோசிக்கிறதுக்கு நேரம் வேணும்னா, நாளைக்கு வரேன்னு சொல்லிட்டு வந்துருங்க" என்றாள். வசூல் கொஞ்சம் குறைந்தது. ஏன் பாடத்தை மாற்றினாய் என்று கலினா கேட்டதற்கு, பழைய பாடம்தான் வேண்டுமென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள் என்றாள். அப்படி ஓர் ஆள் கலினாவுக்குக் கிடைக்கவில்லை.

வசந்தம் வந்ததும் பேருந்தில் ஸ்பெயினுக்குப் போனாள். கடலோர ஊர் ஒன்றில், சுவரில் அடுக்கடுக்காகப் பிணங்களை வைத்து மூடும் கல்லறையில் அவன் இருந்தான். வேறொருவன் பெயரை உளியால் செதுக்கி எடுத்துவிட்டு அவன் பெயரைப் பொறித்திருந்தார்கள். கல்லில் பொடி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரத் துணியால் துடைத்தாள். இறந்தவர்களுக்குப் படைப்பதற்காகக் கொண்டுபோயிருந்த கோதுமைப் பொங்கலையும் கொஞ்சம் சிவப்பு வைனையும் வைத்தாள். பக்கத்தில் பூ விற்கும் பெண்ணுக்கும் ஒரு பிடி கொடுத்தாள். எலும்பை ஊருக்குக் கொண்டுவர அவளுக்கு வசதியில்லை. அதை அவனிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

திரும்பும் பேருந்தில் கூட்டம் நெரிந்தது. வேலை முடிந்து ஊர் திரும்பும் நம் ஆட்கள் பையும் மூட்டையுமாக ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறினார்கள். சிலர் நடைவழியில் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நெவேனாவுக்குப் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே இருந்தது. வந்து பார்ப்பார்கள், தயங்குவார்கள், நகர்ந்துவிடுவார்கள்.

இத்தாலியில் ஏறிய ஒரு பருத்த பெண், மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். மூச்சு வாங்கியது. இருக்கையில் கை வைக்கப் போனவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கங்க. இங்க ஆள் இருக்கு, இல்ல?"

நெவேனா அவள் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாம்மா, இருக்காரு" என்றாள்.

அந்தப் பெண் வேறெதுவும் கேட்காமல் பின்னால் போனாள். வெயில் அந்த இருக்கையின் மேல் சுள்ளென்று விழுந்துகொண்டிருந்தது. நெவேனா எழுந்து ஜன்னல் திரையை அது வரைக்கும் இழுத்துவிட்டாள்.